அக்காவுக்கு நான் போட்ட தப்புக் கணக்கு

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு வழக்கமான சாக்கு சொல்லலாம். ஆனா உண்மையான காரணம் வேற. இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டே இருந்தேன். ஏன்னா இதுல வில்லன் நான்தான்.

சில வருஷம் முன்னாடி எங்க அக்காவுக்குப் பாப்பா பொறந்துச்சு. மதுரையில அம்மா வீட்டுலதான் பிரசவம். பூண்டு, பிரசவ லேகியம், சுறாப்புட்டுன்னு அம்மா பார்த்துப் பார்த்துச் செஞ்சாங்க. "நல்லா சாப்பிடுடி, புள்ளைக்குப் பால் ஊறணும்"னு தட்டுல அள்ளி வச்ச அதே சொந்தக்காரங்க, ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுல அக்காவைப் பார்த்து, "என்னடி, ரெண்டு சுத்து பெருத்துட்ட! இடுப்பெல்லாம் இப்படி ஆயிடுச்சே"ன்னாங்க. அக்கா சிரிச்சுக்கிட்டே நகர்ந்துட்டா. ராத்திரி மொட்டை மாடியில தனியா உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

தம்பி சும்மா இருப்பானா? அதுவும் பொட்டி தட்டுற தம்பி. அன்னிக்கே ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். இட்லிக்கு இவ்வளவு கலோரி, தோசைக்கு இவ்வளவு, டீயில சர்க்கரைக்கு இவ்வளவு. ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7700 கலோரி. தினமும் 500 குறைச்சா பதினஞ்சு நாளைக்கு ஒரு கிலோ. சிம்பிள். கலர் எல்லாம் அடிச்சு, கிராஃப் போட்டு அனுப்பி வச்சேன்.

அக்கா ஏழு மாசம் அதை விடாம பண்ணினா. என் கணக்குப்படி 13 கிலோவுக்கு மேல குறைஞ்சிருக்கணும், 9 கிலோ குறைஞ்சது. அப்புறம் நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அதே சாப்பாட்டுல மெல்ல மெல்ல ஏற ஆரம்பிச்சது. ரெண்டு வருஷத்துல போனதெல்லாம் திரும்பி வந்தாச்சு.

நான் போன்ல என்ன சொன்னேன் தெரியுமா? "கணக்கு பொய் சொல்லாதுக்கா. நீதான் எங்கேயோ ஏமாத்துற. பாப்பா மிச்சம் வைக்கிறதை எல்லாம் எழுதுறியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னா: "உன் கணக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கும் தம்பி. என் உடம்புதான் தப்பா இருக்கு போல."

இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்காகத்தான்.

*

அக்கா சொன்னது மனசைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். முதல்ல எடுத்தது ரொம்பச் சின்னக் கேள்வி: நாம சாப்பிடுற கொழுப்பு, கொழுப்புத் திசுவுக்குள்ள எப்படிப் போகுது? பன்னெண்டாவதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துட்டு உயிரியலுக்குக் கும்பிடு போட்டவன் நான். அதனால எனக்குப் புரிஞ்ச பாஷையிலயே சொல்றேன்.

கோயம்பேடு மார்க்கெட்டை நினைச்சுக்குங்க. ராத்திரி லோடு லாரிங்க வந்து நிக்கும். லாரி நேரா கடைக்குள்ள போக முடியாது. லோடுமேன் வந்து மூட்டையை இறக்கி உள்ள கொண்டு போகணும். ரத்தத்துலயும் இதே கதைதான். குடல்ல இருந்து கிளம்புற கொழுப்பு 'கைலோமைக்ரான்'ங்கிற பெரிய உருண்டைகள்ல ஏறி வருது. ட்ரைகிளிசரைடு முழு மூட்டையா இருக்கிற வரைக்கும் செல்லுக்குள்ள நுழையாது. அதை உடைச்சு, கொழுப்பு அமிலமாக்கி இறக்கி விட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் பேருதான் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ். சுருக்கமா எல்.பி.எல். நுண்ணிய ரத்தக் குழாய்களோட உள்சுவர்ல நின்னுக்கிட்டு வேலை பார்க்கிற ஒரு என்சைம்.

இதோட கதை 1943-ல ஆரம்பிக்குது. கொழுப்பு சாப்பாட்டுக்கு அப்புறம் நாயோட ரத்தம் பால் மாதிரி கலங்கியிருக்கும்போது ஹெப்பாரின் ஊசி போட்டா அது தெளிஞ்சுடுதுன்னு ஹான்ங்கிற ஆராய்ச்சியாளர் கவனிச்சார். சுவர்ல ஒட்டியிருந்த லோடுமேன்களை ஹெப்பாரின் ரத்தத்துல இறக்கி விட்டுடுது, அதனால அந்தத் தெளிவுன்னு பின்னாடிதான் புரிஞ்சது. 1955-ல எட்வர்ட் கோர்ன் இந்த என்சைமை அடையாளம் கண்டு பேரு வச்சார்.

இனிமேதான் விஷயமே இருக்கு. இதே லோடுமேன் கொழுப்புத் திசுவுலயும் இருக்கார், தசையிலயும் இருக்கார். கொழுப்புத் திசு வாசல்ல இறக்கினா அது சேமிப்பு. தசை வாசல்ல இறக்கினா அது பெரும்பாலும் எரிபொருள். அப்போ எந்த வாசல்ல எவ்வளவு சரக்கு இறங்கணும்னு யார் முடிவு பண்றது?

ஹார்மோன். இந்த லோடுமேன்களுக்கு மேஸ்திரி அவர்தான்.

சாப்பிட்ட உடனே இன்சுலின் ஏறும். அது கொழுப்புத் திசுவுல எல்.பி.எல். வேலையைக் கூட்டும், தசையில குறைக்கும். அதே நேரத்துல, சேமிச்ச கொழுப்பை வெளிய அனுப்புற வேற லைப்பேஸ்களை அடக்கி வைக்கும். பட்டினி கிடந்தா அப்படியே தலைகீழ். அப்போ கொழுப்புத் திசுவுல ஏ.என்.ஜி.பி.டி.எல்.4-ங்கிற புரதம் ஏறி அங்க இருக்கிற லோடுமேன் கையைக் கட்டிப் போடும். சரக்கு தசைப் பக்கம் திரும்பும். நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, பக்காவான லோடு பேலன்சர்.

*

இது வரைக்கும் படிச்சப்போ "அட, நல்ல டிசைனா இருக்கே"ன்னுதான் தோணுச்சு. அடுத்து படிச்சதுலதான் எனக்கு முகம் சுருங்கிச்சு.

மேஸ்திரி இன்சுலின் மட்டும் இல்ல. மாதவிடாய் நிக்காத வயசுப் பெண்கள்ல, வயித்தை விடத் தொடை, இடுப்புப் பக்கக் கொழுப்புல எல்.பி.எல். வேலை அதிகம். ஆண்கள்ல அப்படி இல்ல. மாதவிடாய் நின்னதும் பெண்களுக்கும் அந்த வித்தியாசம் மங்கிடும். இந்த வித்தியாசத்துல பாலின ஹார்மோன்களோட கை இருக்கு. டெஸ்டோஸ்டிரோன் ஆண்களோட வயித்துக் கொழுப்புல எல்.பி.எல்.லைக் குறைச்சு வைக்குது. வயசாக ஆக அது இறங்குறதும் நம்ம அப்பாக்களோட தொப்பைக்கு ஒரு காரணம். கார்டிசோல்னு ஒருத்தர் இருக்கார். அவர் இன்சுலினோட கூட்டுச் சேர்ந்தா கொழுப்புத் திசுவுல எல்.பி.எல். இன்னும் எகிறும். கார்டிசோல் அளவுக்கு மீறிச் சுரக்கிற குஷிங் நோய்ல கை கால் மெலிஞ்சு, வயிறும் முகமும் மட்டும் உப்பிப் போறதைப் பார்த்தாலே தெரியும், கொழுப்பு எங்க போகணும்னு ஹார்மோன் எப்படி விலாசம் எழுதுதுன்னு.

அப்புறம் பிரசவம். 1985-ல ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களோட கொழுப்புத் திசுவை எடுத்துப் பார்த்தாங்க. பாலூட்டாத காலத்துல தொடைக் கொழுப்பு இறுக்கமான பெட்டி. எல்.பி.எல். அதிகம், வெளிய விடுறது கம்மி. குழந்தைக்குப் பால் கொடுக்கிற காலத்துல மட்டும் அந்தப் பெட்டி திறக்குது. தொடையில எல்.பி.எல். இறங்குது, கொழுப்பு வெளிய வர்றது ஏறுது. எலிகள்ல பண்ணின ஆய்வுல இன்னொரு பக்கமும் தெரிஞ்சது. புரோலாக்டின் ஹார்மோன், கொழுப்புத் திசுவுல எல்.பி.எல்.லைக் குறைச்சு, பால் சுரப்பியில ஏத்தி விடுது. அதாவது லோடுமேன்களுக்கு இடமாறுதல் ஆர்டர். சரக்கு பாலுக்குப் போகட்டும்னு.

இதைப் படிச்சுட்டு லேப்டாப்பை மூடி வச்சுட்டேன். கல்யாண வீட்டுல கிண்டல் பண்ணின அந்த இடுப்பு, ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கிறதுக்காக உடம்பு கட்டி வச்ச கிடங்கு. எங்க பாப்பா குடிச்ச பாலுக்கு அதுல இருந்தும் சரக்கு போயிருக்கும். நாங்க அதைத்தான் 'பெருத்துட்ட'ன்னு சொல்லியிருக்கோம்.

*

சரி, குறைஞ்ச எடை ஏன் திரும்பி வந்துச்சு? என் ஷீட்டுல என்ன பக்?

வரவு மைனஸ் செலவுங்கிற ஃபார்முலா தப்பில்ல. ஆற்றல் எங்கேயும் காணாமப் போகாது. அதை மறுக்கிறவன் எஞ்சினியரே இல்ல. பக் எங்கன்னா, 'செலவு' காலத்துல நான் 1800-ன்னு ஹார்ட்கோட் பண்ணி வச்சிருந்தேன். மாறிக்கிட்டே இருக்கிற ஒன்னை மாறாததுன்னு எடுத்துக்கிட்டேன். ஜூனியர் பையன் இப்படி கோட் எழுதியிருந்தா ரிவ்யூல கிழிச்சிருப்பேன்.

1995-ல நியூயார்க்ல ரூடி லீபல் குழு காட்டின விஷயம்: உடல் எடை 10 சதவீதம் குறைஞ்சா, உடம்பு சிறுசானதுக்கு எதிர்பார்க்கிறதை விட அதிகமாவே செலவைக் குறைச்சுக்குது. 1990-ல ஃபிலிப் கெர்ன் குழு ரொம்ப அதிக எடை இருந்த 9 பேரை, எடை குறையறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சோதிச்சாங்க. எடை குறைஞ்ச அப்புறம் கொழுப்புத் திசுவுல எல்.பி.எல். வேலை ஏறியிருந்தது. யார் ஆரம்பத்துல அதிக எடையா இருந்தாங்களோ அவங்களுக்கு அதிகமா ஏறியிருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனா அது சொல்றது பெரிசு: கிடங்கு காலியானதும் வாசல்ல லோடுமேன்கள் கூடுதல் சுறுசுறுப்போட நிக்கிறாங்க.

பசியும் சேர்ந்துக்கும். 2011-ல ஆஸ்திரேலியாவுல 50 பேர் பத்து வாரம் கடும் டயட் இருந்து சராசரியா 13 கிலோவுக்கு மேல குறைச்சாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தாலும் லெப்டின், கிரெலின் மாதிரி பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரல. உடம்பு அப்பவும் 'சாப்பிடு, சாப்பிடு'ன்னே சொல்லிட்டு இருந்துச்சு.

அக்கா ஏமாத்தல. அவ சாப்பாட்டைக் குறைச்சா, உடம்பு செலவைக் குறைச்சுது. அவ பசியை அடக்கினா, உடம்பு பசியைக் கூட்டுச்சு. ரெண்டு வருஷம் ஒருத்தி தனியா இந்த மல்லுக்கட்டு கட்டியிருக்கா. நான் சென்னையில ஏசி ரூம்ல உட்கார்ந்துகிட்டு 'மன உறுதி பத்தல'ன்னு மார்க் போட்டிருக்கேன்.

மன உறுதிதான் எல்லாம்னு இன்னும் நம்புறவங்களுக்கு ஒரு கேள்வி. செமாக்ளூடைடு ஊசியை 2021-ல அமெரிக்கா எடைக் குறைப்புக்கு அனுமதிச்சது. அது ஒரு குடல் ஹார்மோனோட நகல். அதைப் போட்டவங்க 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் கிட்ட எடை குறைஞ்சாங்க. ஊசியை நிறுத்தின ஒரு வருஷத்துல குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துடுச்சு. ஊசிக்குள்ள மன உறுதியை அடைச்சா விக்கிறாங்க? ஆள் அதே ஆள்தான். மாறினது ஹார்மோன் சிக்னல்.

*

இந்த இடத்துல ஒரு கோஷ்டி கை தட்டும்னு தெரியும். "பார்த்தியா, எல்லாம் இன்சுலின்! சோறுதான் எதிரி! அரிசியை விட்டா எல்லாம் சரியாயிடும்!" அவங்களோடயும் எனக்கு ஒத்துப் போகல.

பிறவியிலேயே எல்.பி.எல். வேலை செய்யாதவங்க அபூர்வமா இருக்காங்க. அவங்க ரத்தம் பால் மாதிரி இருக்கும், கணையம் வீங்குற ஆபத்து உண்டு. ஆனா கொழுப்பே இல்லாத எலும்புக் கூடா அவங்க இருக்கிறதில்ல. கொழுப்புச் செல் வேற வழியிலயும் கொழுப்பைச் சேர்த்துக்கும், சொந்தமாத் தயாரிச்சும் வச்சுக்கும். ஒரு லோடுமேன் லீவு போட்டா மார்க்கெட்டே மூடிடாது. அதே மாதிரி 2018-ல ஸ்டான்ஃபோர்டுல 609 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு மாவுச்சத்தைக் குறைச்சாங்க, இன்னொரு பாதிக்குக் கொழுப்பைக் குறைச்சாங்க. ஒரு வருஷ முடிவுல 6 கிலோ, 5.3 கிலோ. கண்டிப்பா இதுதான் ஒசத்தின்னு சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்ல. அதனால சோறா எண்ணெயாங்கிற குழாயடிச் சண்டையில நான் எந்தப் பக்கமும் இல்ல. உங்களுக்கு எது ரொம்ப நாள் ஒத்து வருதோ அதைச் சாப்பிடுங்க. ஆனா "நான் விட்டேன், குறைஞ்சேன், உன்னால முடியலைன்னா நீ சோம்பேறி"ன்னு அடுத்தவங்களைச் சொல்லாதீங்க. உங்க மேஸ்திரி வேற, அவங்க மேஸ்திரி வேற.

இதுல பெரிய கூத்து என்னன்னா, நாம கிண்டல் பண்றதே தப்பான கொழுப்பை. தொடையிலயும் இடுப்புக்குக் கீழயும் சேர்ற கொழுப்பு சர்க்கரை நோய், இதய நோய் விஷயத்துல அவ்வளவு மோசமில்ல. சொல்லப்போனா பாதுகாப்புப் பக்கம்தான் சாய்ஞ்சிருக்கு. ஆபத்து வயித்துக்குள்ள, குடலைச் சுத்திச் சேர்றதுலதான். அந்தத் தொப்பையோட வர்ற மாப்பிள்ளையை "கொஞ்சம் பூசுன மாதிரி இருக்கார், வசதியான இடம்"னு சொல்லுவோம். பொண்ணோட இடுப்பைத்தான் அளந்து பேசுவோம்.

2004-ல லான்செட்ல ஒரு படம் வந்துச்சு. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியா தெரியற இந்திய உடம்புக்குள்ள கொழுப்பு ஒளிஞ்சிருக்கும்ங்கிறதுக்கு அந்த ஒரு படம் போதும். பார்க்க எப்படி இருக்காங்கன்னு வச்சுத் தீர்ப்பு சொல்றதுக்கு நம்ம ஊர்ல அருகதையே கிடையாது.

*

போன மாசம் மதுரை போயிருந்தேன். அக்கா தோசை ஊத்திக்கிட்டு இருந்தா. அடுப்படியில நின்னு லோடுமேன் கதை, ஸ்வீடன் கதை எல்லாம் சொல்லி முடிச்சேன். அன்னிக்கு போன்ல அப்படிப் பேசினது தப்புக்கான்னு சொன்னேன்.

தோசையைத் திருப்பிப் போட்டுட்டுக் கேட்டா: "அப்போ நான் ஏமாத்தலைன்னு ஒத்துக்கிறியா?"

"ஆமா."

"அதை நான் அன்னிக்கே சொன்னேனேடா. நான் சொன்னா நம்ப மாட்ட, வெள்ளைக்காரன் எலியை அறுத்துச் சொன்னாத்தான் நம்புவியா?"

பதில் இல்ல மக்கா. இதுதான் நான் இந்தப் பதிவுல சொல்ல வந்ததும். ஹார்மோன், என்சைம் எல்லாம் தெரியாமலேயே, "நான் சாப்பிடலை, ஆனா ஏறுது"ன்னு ஒருத்தி சொல்லும்போது நம்பியிருக்கலாம். நம்பறதுக்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்பட்டிருக்காது. நம்பியிருந்தா, எக்ஸெல் ஷீட்டுக்குப் பதிலா தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா, ராத்திரி தூங்குறியா, பாப்பாவை யாராவது கொஞ்ச நேரம் பார்த்துக்கட்டுமான்னு கேட்டிருப்பேன்.

அத்தான் அப்போ உள்ள வந்து, "மாப்ள, உன் வயித்தை அளந்தியா?"ன்னார். அக்கா தையல் மெஷின் டப்பாவுல இருந்து இன்ச் டேப்பை எடுத்து என்னைச் சுத்திப் பிடிச்சா. 37 இன்ச். 94 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90-க்கு மேல போனா உஷார்னு வச்சிருக்காங்க. பத்து மணி நேரம் நாற்காலியில உட்கார்ற, ராத்திரி ரெண்டு மணிக்கு ரிலீஸ் பண்ற ஒல்லிப்பிச்சான் தம்பிக்குத்தான் இப்போ பிரச்சினை.

"ஷீட் ஒன்னு போட்டுத் தரவா?"ன்னு கேட்டா அக்கா :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். எடை சம்பந்தமா எது பண்றதுன்னாலும் டாக்டரைப் பார்த்துட்டுப் பண்ணுங்க. முக்கியமா அந்த ஊசியை நண்பன் சொன்னான், பக்கத்து சீட்டுக்காரன் சொன்னான்னு வாங்கிப் போட்டுக்காதீங்க. அடுத்த கல்யாண வீட்டுல யாரையாவது பார்த்து "ரெண்டு சுத்து பெருத்துட்ட"ன்னு சொல்ல வாய் வந்தா, "சாப்டியா?"ன்னு கேட்டுட்டு நகர்ந்துடுங்க. புண்ணியமாப் போகும்.